பேட்டரிக்குள்ள இருந்த கருப்புக் கம்பி

இன்னைக்குக் கதை கிராஃபைட் பத்தி. வட சென்னை வரலாறு பேசுற பாட்காஸ்ட்ல பென்சில் சமாச்சாரத்துக்கு என்ன வேலைன்னு தோணலாம். செத்துப்போன டார்ச் பேட்டரியைக் கல்லால உடைச்சு, நடுவுல இருக்குற கருப்புக் கம்பியை உருவி, சுவத்துல மூணு கோடு போட்டு ஸ்டம்ப் வரைஞ்சவங்க இதைக் கேட்டுட்டு இருப்பீங்க. திருவொற்றியூர்ல எங்க தெருவுல முக்கால்வாசி ஸ்டம்ப் அப்படித்தான் வந்தது. அந்தக் கம்பி கார்பன். கிராஃபைட், கோக் மாதிரியான கார்பன் தூளைக் கீலோட பிசைஞ்சு, அழுத்தி, சுட்டு எடுத்தது.

அந்தப் பேட்டரி எங்கிருந்தோ வந்து இறங்கினதும் இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலயே ஆலை இருந்தது. யூனியன் கார்பைடு ஆலை. மக்கள் வாயில எவரெடி கம்பெனி. இன்னும் வடக்கே போனா கார்போரண்டம் யுனிவர்சல், 1954ல் தொடங்கின நிறுவனம். சாணைக்கல்லும் உப்புத்தாளும் செய்றவங்க. கார்போரண்டம்ங்கிற சிலிக்கன் கார்பைடை 1890களில் உலகத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் எட்வர்ட் அச்சிசன், அதை அளவுக்கு மீறிச் சூடாக்கினப்போ சிலிக்கன் ஆவியாகிப் போய் சுத்தமான கிராஃபைட் மிஞ்சுறதைப் பார்த்தார். செயற்கை கிராஃபைட் தொழில் அங்கதான் ஆரம்பம். ஆக, நம்ம நெடுஞ்சாலையில கிராஃபைட்டோட ரெண்டு சொந்தக்காரங்க பல காலம் குடியிருந்திருக்காங்க.

ஆனா கார்பன்னாலே இந்தப் பக்கத்து ஆளுங்க மனசுல முதல்ல வர்றது நிலக்கரித் தூசு. ராயபுரத்துல மாடியில காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் என்ன நிறத்துல இறங்கும்னு யாரையும் கேட்டுப் பாருங்க. 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவால சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்றது நின்னு, நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது. அது தனிக் கதை, தனியா ஒரு எபிசோட் வேணும். இன்னைக்கு கார்பனோட வேற ஒரு முகம்.

கடந்த 10, 15 வருஷமா இயற்பியல்ல ரொம்ப அடிபடுற ஒரு பேர் டோபாலஜிக்கல் செமிமெட்டல். செமிமெட்டல்னா அரை உலோகம். உலோகம் மாதிரி மின்சாரம் கடத்தும், ஆனா உலோகத்துல இருக்குற அளவுக்கு எலக்ட்ரான் கூட்டம் இருக்காது. இந்தப் படிகங்களுக்குள்ள ஓடுற எலக்ட்ரான்கள் எடையே இல்லாத மாதிரி நடந்துக்கும். அதனால மின்சாரமும் காந்தமும் அதுல விசித்திரமா இருக்கும். இந்த வகையறாவுக்கெல்லாம் மூத்த அண்ணன்னு யாரையாவது சொல்லணும்னா கிராஃபைட்டைத்தான் சொல்லணும். அந்த கிராஃபைட்டோட காந்த குணத்தை, யாரும் அதைப் பெருசா நினைக்காத காலத்துல, ஒரு படிகத்தை நூல்ல தொங்கவிட்டுத் துல்லியமா அளந்தவர் ஒரு தமிழர். கே.எஸ்.கிருஷ்ணன்.

பேர் கேள்விப்பட்டிருந்தா, ராமன் விளைவு பாடத்துல ஒரு ஓரமா கேள்விப்பட்டிருப்பீங்க. கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன், 1898 டிசம்பர் 4ஆம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, அப்புறம் சென்னை கிறித்தவக் கல்லூரி. இப்ப அந்தப் பேரைச் சொன்னா தாம்பரம் ஞாபகம் வரும். கல்லூரி தாம்பரம் போனதே 1937லதான். கிருஷ்ணன் படிச்ச காலத்துல அது ஜார்ஜ் டவுன்ல, உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ல இருந்தது. ராயபுரத்துல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர். துறைமுகம் கூப்பிடு தூரம். படிச்சு முடிச்சு அதே கல்லூரியில வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராவும் இருந்தார். மதிய இடைவேளையில அவர் நடத்தின அறிவியல் அரட்டைக்கு வேற கல்லூரிப் பசங்களும் வந்து உட்காருவாங்கன்னு அவரோட வாழ்க்கைக் குறிப்புகள் சொல்லுது.

1920ல் கல்கத்தா போனார். 1923ல் ராமனோட ஆய்வகத்துல சேர்ந்தார். 1928 பிப்ரவரி 28 உங்களுக்குத் தெரியும், தேசிய அறிவியல் நாள். அந்தச் சோதனைகளை ராமனோட சேர்ந்து செஞ்சவர் கிருஷ்ணன். அந்த வருஷம் மார்ச் 31ல் நேச்சர் இதழ்ல வந்த முதல் குறிப்புல ரெண்டு பேர் பேரும் இருக்கு. 1930 நோபல் ராமனுக்கு மட்டும். இதைப் பத்தித் தமிழ்ல நிறைய பேர் சண்டை போட்டாச்சு, நான் அதுக்குள்ள போகப்போறதில்லை. என்னோட வருத்தம் வேற. இந்த நோபல் பஞ்சாயத்து கிருஷ்ணனை 1928லயே நிறுத்திடுது. அவரே கேள்வி கேட்டு, அவரே கருவி அமைச்சு செஞ்ச பெரிய வேலை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடரா போனார். இன்னைக்கு வங்காளதேசம். அங்க அவர் கையில எடுத்தது படிகங்களோட காந்த குணம். கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரு படிகத்தை இந்தப் பக்கம் வச்சு காந்தப்புலத்தைக் காட்டினா ஒரு மாதிரியும், அந்தப் பக்கம் திருப்பி வச்சா வேற மாதிரியும் நடந்துக்குமா? நடந்துக்கும்னா எவ்வளவு வித்தியாசம்? அந்த வித்தியாசத்தை வச்சு, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு சொல்ல முடியுமா?

அவர் உருவாக்கின அளவு முறை எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். முடியை விட மெல்லிசான குவார்ட்ஸ் இழை ஒண்ணு. அதோட அடி நுனியில ஒரு சின்னப் படிகம். மேல் நுனி, டிகிரி குறிச்ச ஒரு திருகுத் தலையில மாட்டியிருக்கும். படிகம் ஒரு காந்தத்தோட ரெண்டு முனைகளுக்கு நடுவுல தொங்குது. படிகத்துக்குப் பிடிச்ச திசைன்னு ஒண்ணு இருக்கும், காந்தப்புலம் அதை அந்தத் திசையில பிடிச்சு வச்சிருக்கும். இப்ப மேல திருகுத் தலையை மெதுவா சுத்துறோம். இழை முறுக்கிக்குது. படிகம் கொஞ்சம் கொஞ்சமா இழுபடுது, ஆனா பிடியை விட மாட்டேங்குது. முறுக்கு ஏற ஏற, ஏறக்குறைய 45 டிகிரியைத் தாண்டின உடனே காந்தத்தால அதுக்கு மேல தாங்க முடியாது. படிகம் டக்குன்னு பிடி விட்டுத் திரும்பிடும். அந்த நொடியில திருகுத் தலை எவ்வளவு சுத்தியிருக்குன்னு குறிச்சுக்கிட்டா போதும். இழையோட விறைப்பு தெரியும், காந்தப்புலம் தெரியும், படிகத்தோட எடை தெரியும். கணக்கு முடிஞ்சது.

இதுல கண்ணால பார்த்து அளக்க வேண்டியது ஒரே ஒரு கோணம். மென்பொருள் எழுதுறவனா சொல்றேன், நூறு விஷயத்தை லாக் பண்ணிட்டு எதைப் பார்க்குறதுன்னு முழிக்கிற எங்களுக்கு இது ஒரு பாடம். டாக்காவில் பி.சி.குஹா, எஸ்.பானர்ஜி ரெண்டு பேரோட சேர்ந்து இந்த வேலையை 1933ல் வெளியிட்டார். அதே வருஷம் மஹேந்திரலால் சர்க்கார் பேராசிரியரா கல்கத்தா திரும்பினார்.

கிராஃபைட் வர்றது 1934ல். நேச்சர்ல ஒரு சின்னக் குறிப்பு. கிராஃபைட் எப்படி அடுக்கியிருக்குன்னு 1924லயே ஜே.டி.பெர்னல் சொல்லியிருந்தார். கார்பன் அணுக்கள் அறுகோணமா, தேன்கூடு மாதிரி, ஒரு தாளாப் பரவியிருக்கு. அந்தத் தாள்கள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு. தாளுக்குள்ள பக்கத்து அணு 1.42 ஆங்ஸ்ட்ராம் தூரம். தாளுக்கும் தாளுக்கும் 3.35. அதனாலதான் பென்சில் எழுதுது, தாள் தாளா உரிஞ்சு காகிதத்துல ஒட்டிக்குது.

கிராஃபைட் ஒரு டயா காந்தப் பொருள். இரும்பு காந்தத்தோட ஒட்டும். டயா காந்தப் பொருள் விலகிப் போகும். தண்ணி, செம்பு, நம்ம உடம்பு, நிறைய விஷயம் அப்படித்தான், ஆனா அந்த விலகல் ரொம்ப ரொம்பச் சின்னது. கிராஃபைட்ல காந்தப்புலம் தாளோட படுத்துப் போனா சாதாரண அளவு விலகல். தாளைக் குத்திக்கிட்டு நேர் செங்குத்தா போனா, அறை வெப்பத்துல அதைப் போல சுமார் 40 மடங்கு. குளிர வச்சா இன்னும் கூடும், சூடாக்கினா குறையும். ஒரே பொருள், திருப்பி வைக்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

இங்கதான் பேட்டரிக் கம்பியோட பிரச்சினை. அதுலயும் குட்டிக் குட்டி கிராஃபைட் படிகங்கள் உண்டு, ஆனா ஒண்ணு கிழக்கே பார்க்கும், ஒண்ணு மேற்கே பார்க்கும். மொத்தமா அளந்தா சராசரிதான் கிடைக்கும், அந்த 40 மடங்கு கலந்து காணாமப் போயிடும். ஒரே ஒழுங்குல அடுக்கின நல்ல ஒற்றைப் படிகம் வேணும். இலங்கை கிராஃபைட்டுக்கு உலகச் சந்தையில அவ்வளவு மவுசு இருந்ததும் அந்தத் தரத்தாலதான். இன்னைக்கும் கஹடகஹா, போகல சுரங்கங்கள் பேர் சொல்லுது.

1939ல் கிருஷ்ணனும் அவரோட மாணவர் என்.கங்குலியும் மின்சாரத்தையும் அளந்தாங்க. தாள் வழியா கிராஃபைட் உலோகம் மாதிரி கடத்துது. தாளுக்குத் தாள் தாண்டிப் போகச் சொன்னா, கடத்தும் திறன் ஆயிரக்கணக்கான மடங்கு விழுது. காந்தத்துல பார்த்த அதே கதை. 1941ல் ராயல் சொசைட்டி இதழ்ல ரெண்டையும் சேர்த்து ஒரு விளக்கம் கொடுத்தாங்க: கிராஃபைட்ல ஓடுற எலக்ட்ரான்கள் தாளுக்குள்ள சுதந்திரமா திரியுது, தாளை விட்டு வெளியே போறது அதுகளுக்குக் கிட்டத்தட்ட முடியாத காரியம். அதாவது நீளம், அகலம் மட்டும் தெரிஞ்ச, உயரமே தெரியாத எலக்ட்ரான்கள். காந்தப்புலம் செங்குத்தா வந்தா அதுங்க தாளுக்குள்ளயே வட்டம் போடும், அந்த வட்டம்தான் அவ்வளவு பெரிய எதிர்ப்பைக் காட்டுது. உலோக எலக்ட்ரான்கள் இப்படி வட்டம் போட்டு டயா காந்தம் காட்டும்னு 1930ல் லாண்டாவ் சொன்ன கோட்பாட்டை எடுத்து, ரெட்டைப் பரிமாணத்துக்கு இழுத்துப் பார்த்தாங்க.

இது பாதி சரி. எலக்ட்ரான் தாளுக்குள்ள அடைபட்டிருக்குங்கிற பாதி. ஆனா அதுக்கு வழக்கமான எலக்ட்ரான் எடைதான்னு அவங்க வச்சுக்கிட்டாங்க. மீதிப் பாதிக்கு வேற ரெண்டு பேர் வேணும்.

முதல் ஆள் பிலிப் வாலஸ், கனடா. 1942ல் சிகாகோவில் ஓடின முதல் அணு உலை கிராஃபைட் கட்டிகளால அடுக்கினது, அதனால போர்க்காலத்துல கிராஃபைட் திடீர்னு ராணுவ முக்கியத்துவம் உள்ள பொருளாயிடுச்சு. அதை நல்லாப் புரிஞ்சுக்கணும்னு கனடா அணுசக்தித் திட்டத்துல வேலை பார்த்த வாலஸ், 1947ல் கணக்குப் போட்டார். எலக்ட்ரான்களுக்கு ஒரு ரெண்டு மாடிக் கட்டடம்னு வச்சுக்கோங்க. கீழ்த்தளம் நிறைஞ்சிருக்கு, மேல்தளம் காலி. சிலிக்கன்ல கீழ்த்தளத்துக் கூரைக்கும் மேல்தளத்துத் தரைக்கும் நடுவுல இடைவெளி. உலோகத்துல தளமே பாதி காலியா இருக்கும், ஓட இடமிருக்கு. ஒற்றைக் கார்பன் தாள்ல அந்தக் கூரையும் தரையும் சில புள்ளிகள்ல மட்டும் தொட்டுக்கும். ரெண்டு ஐஸ்கிரீம் கோன்களை முனையோட முனை வச்ச மாதிரி. அந்த முனைக்குப் பக்கத்துல எலக்ட்ரானோட ஆற்றலும் உந்தமும் நேர்கோட்டுல ஏறும். ஒளி அப்படித்தான் நடந்துக்கும். அதாவது எடையில்லாத துகள் மாதிரி. வேகம் ஒளியில் ஏறக்குறைய 300ல் ஒரு பங்கு. வாலஸுக்கு வேண்டியது தாள்கள் அடுக்கின கிராஃபைட். அதுல கோன்கள் கொஞ்சம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறியிருக்கும். ஒற்றைத் தாள் அவருக்கு வழியில வந்த ஒரு படி, அவ்வளவுதான்.

ரெண்டாவது ஆள் ஜே.டபிள்யூ.மெக்ளூர். 1956ல் வாலஸோட கணக்கை எடுத்து அதுல காந்தப்புலத்தைப் போட்டார். எடையில்லாத எலக்ட்ரான் போடுற வட்டத்தோட பலம் எடையுள்ளதை விட மிகப் பெரிசு. கூடவே, காந்தப்புலத்துல உருவாகுற ஆற்றல் படிகள்ல ஒண்ணு சரியா கோன் முனையிலயே, பூஜ்ஜியத்துலயே வந்து உட்காருது. ரெண்டும் சேர்ந்தா கிராஃபைட்டோட அந்த ராட்சத டயா காந்தம் வந்துடுது. கிருஷ்ணன் 22 வருஷம் முன்னாடி அளந்து வச்ச எண்ணுக்கு, ஒருவழியா ஒரு காரணம்.

இப்ப கவனிங்க. மெக்ளூர் எங்க வேலை பார்த்தார்? பல்கலைக்கழகத்துல இல்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், கிளீவ்லாண்ட், நேஷனல் கார்பன் கம்பெனியோட ஆய்வகம். யூனியன் கார்பைடோட ஒரு பிரிவு. எவரெடி பேட்டரி செய்றவங்க. அதே நேஷனல் கார்பனோட இந்தியக் கிளைதான் 1959ல் யூனியன் கார்பைடு இந்தியான்னு பேர் மாத்திக்கிச்சு. நம்ம நெடுஞ்சாலையில இருந்தது அந்தக் கம்பெனி.

இதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். ஒரே கம்பெனி. கிளீவ்லாண்ட்ல கார்பனுக்குள்ள எலக்ட்ரான் எப்படி ஓடுதுன்னு யோசிக்கச் சம்பளம். இங்க கார்பன் கம்பியைச் செருகி பேட்டரி மூடச் சம்பளம். ஆலை வேலையைக் குறைச்சுச் சொல்லலை, அந்தச் சம்பளத்துல எத்தனை குடும்பம் எழுந்து நின்னுச்சுன்னு திருவொற்றியூர்ல தெரியும். ஆனா ஆய்வகம் ஏன் ஒரு நாளும் ஆலையோட கூட வரலைங்கிற கேள்வி எனக்கு இன்னும் போகலை. கிருஷ்ணன் மாதிரி ஆள் இல்லாத நாடு இல்லை இது. மெக்ளூர் கணக்குப் போட்ட வருஷம் அவர் டெல்லியில தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட இயக்குநர், 1947லருந்தே. அப்புறம் அந்தக் கம்பெனியோட பேர் இந்தியாவில் எதுக்கு ஞாபகம் இருக்குன்னு சொல்ல வேண்டியதில்லை. 1984, போபால். 1994ல் யூனியன் கார்பைடு தன் இந்தியப் பங்கை வித்துட்டுக் கிளம்பினது, நிறுவனம் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் ஆச்சு.

சரி, டோபாலஜி எங்க வந்துச்சு? வடிவுடையம்மன் கோயில்ல ஒரு பிரகாரம் சுத்தி வந்தா கிளம்பின இடத்துக்கே, கிளம்பின மாதிரியே வந்து நிப்பீங்க. எலக்ட்ரான் அந்தக் கோன் முனையை ஒரு சுத்து சுத்தி வந்தா, அதோட அலை தலைகீழா, மைனஸ் குறியோட திரும்பி வரும். பழையபடி ஆகணும்னா இன்னொரு சுத்து வேணும். இதுல முக்கியம் என்னன்னா, வட்டம் பெரிசா சின்னதா, கோணலா நேரா, எதுவும் கணக்கில்லை. ஒரு குளத்தைச் சுத்தி வந்தீங்களா, இல்லை குளத்துக்குப் பக்கத்துல சும்மா ஒரு வட்டம் போட்டீங்களா, அது ஒண்ணுதான் கேள்வி. சுத்தினோமா இல்லையாங்கிறது பாதியில இருக்க முடியாது. அந்த மாதிரி முழு எண்ணா மட்டும் மாறுற குணத்துக்குத்தான் டோபாலஜின்னு பேர். மெக்ளூரோட பூஜ்ஜியப் படி அசையாம அங்கேயே உட்கார்ந்திருக்கிறதுக்கும் இதுதான் காரணம், அவர் காலத்துல அந்த மொழி இல்லை.

மீதியை வேகமா சொல்லிடுறேன், இது எல்லா யூடியூப் சேனல்லயும் இருக்கு. 2004ல் மான்செஸ்டர்ல கெய்மும் நோவோசெலோவும் செல்லோ டேப்பால கிராஃபைட்ல இருந்து ஒற்றைத் தாளை உரிச்சாங்க, கிராஃபீன். அதே வருஷம் ஜார்ஜியா டெக்ல வால்ட் டி ஹீர் குழு சிலிக்கன் கார்பைடைச் சூடாக்கி, சிலிக்கனை ஓட்டிட்டு, மிஞ்சின மெல்லிய கார்பன்ல அளந்தாங்க. அச்சிசன் பண்ண அதே வேலை, சின்ன அளவுல. 2005ல் எடையில்லாத எலக்ட்ரான் சோதனையிலயே உறுதியாச்சு. 2010ல் கெய்முக்கும் நோவோசெலோவுக்கும் நோபல். அடுத்து, தாள்ல இருக்குற அந்த முனை முப்பரிமாணப் படிகத்துலயும் இருக்க முடியுமான்னு தேடல். இருக்க முடியும்னு 2011ல் கணிச்சவங்கள்ல அஷ்வின் விஷ்வநாத்தும் ஒருத்தர். 2014ல் சோடியம் பிஸ்முத், காட்மியம் ஆர்செனைடு. 2015ல் டாண்டலம் ஆர்செனைடு, முதல் வைல் செமிமெட்டல்.

இந்தப் பட்டியல்ல எனக்குப் பிடிச்சது 2016. நியோபியம் ஆர்செனைடு, இன்னொரு வைல் செமிமெட்டல். பிலிப் மோல் குழு அந்தப் படிகத்தை மிகப் பெரிய காந்தப்புலத்துல வச்சு, காந்தம் அதை எந்தப் பக்கம் முறுக்குதுன்னு அளந்தாங்க. ஒரு அளவுக்கு மேல புலத்தை ஏத்தினா, முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிடுது. வைல் எலக்ட்ரான்களோட தனி அடையாளம்னு அதை முன்வச்சாங்க. முடி மாதிரி குவார்ட்ஸ் இழைக்குப் பதிலா மைக்ரோ அளவு நெம்புகோல், திருகுத் தலைக்குப் பதிலா எலக்ட்ரானிக்ஸ். டாக்காவில் கிருஷ்ணன் கேட்ட கேள்விதான்: படிகம் எந்தப் பக்கம் திரும்பப் பார்க்குது, எவ்வளவு பலமா?

2020ல் கீழடிப் பானையோட கருப்புப் பூச்சுல கார்பன் நானோகுழாய் இருக்குன்னு கட்டுரை வந்தப்போ, எனக்கு அது எத்தனை குரூப்ல வந்துச்சுன்னு எண்ண முடியாது. சந்தோஷம்தான். ஆனா பானை சுட்டவருக்குத் தான் நானோகுழாய் செய்றோம்னு தெரியாது. கிருஷ்ணனுக்குத் தான் என்ன அளக்குறோம்னு தெரியும், எதுக்குன்னு தெரியும், எண்ணை எழுதி வச்சார். அந்த ஃபார்வர்டு இன்னும் எனக்கு வரலை.

அந்த விலகலை வீட்டுல பார்க்கணும்னா, ஆன்லைன்ல பைரோலிட்டிக் கிராஃபைட்னு தேடுங்க, மெல்லிசா ஒரு சில்லு. கூடவே நாலு நியோடிமியம் காந்தம். சதுரங்கக் கட்டம் மாதிரி வட முனை, தென் முனை மாத்தி மாத்தி நாலையும் சேர்த்து வச்சு, சில்லை மேல வைங்க. மின்சாரம் வேணாம், குளிர வைக்க வேணாம், சில்லு காத்துல மிதக்கும். விரலைப் பார்த்துக்கோங்க, அந்தக் காந்தம் கவ்வினா ரத்தம் கட்டிடும். பேட்டரிக் கம்பியை வச்சு முயற்சி பண்ணாதீங்க, காரணம் மேலேயே சொல்லிட்டேன்.

ஒற்றைக் கார்பன் தாளோட டயா காந்தத்தை, எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைச்சு, சரியா அந்தக் கோன் முனையில வச்சு நேரடியா அளக்க 2021 டிசம்பர் வரைக்கும் ஆச்சு. பிரான்ஸ்ல ஓர்சே குழு, சயன்ஸ் இதழ். அந்தப் புள்ளியில டயா காந்தம் கூர்மையா எகிறுது, மெக்ளூர் சொன்ன இடத்துலயே. கிருஷ்ணன் 1961 ஜூன்ல டெல்லியில காலமானார். அவர் நடத்தின ஆய்வகம் இருக்குற சாலைக்கு அவர் பேர்தான் வச்சிருக்காங்க.

அடுத்த எபிசோட் ராயபுரம் ரயில் நிலையம், 1856. கேள்வி இருந்தா அனுப்புங்க, சேர்த்துப் பேசிடலாம்.